சூழலைக் கையளிப்பவரின் பொறுப்பு

ஒருவர் தம் வசதிக்கெனச் செய்துகொண்ட ஏற்பாடு, அதை அறியாமலே பெற்றுக்கொள்ளும் மற்றொருவரின் செயலைத் திரித்துவிடுமானால், அப்பிழைக்குப் பொறுப்பாளி யார் என்னும் அறவியல் கேள்வி, யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நாள்தோறும் எழுகிறது. பயனர் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல் ஷெல் எனப்படும். பெயரும் மதிப்புமாக அது வைத்திருக்கும் குறிப்புகளில், 'எக்ஸ்போர்ட்' செய்யப்பட்டவை சூழல் மாறிகள் ஆகின்றன. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே, ஷெல் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இம்மாறிகளின் நகல் சென்றுசேர்கிறது. பெற்ற நிரல் தன் நகலை மாற்றிக்கொள்ளலாமேயன்றித் தந்ததன் சூழலைத் தொட இயலாது.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு எனக் கூறும் சைவ சித்தாந்தம் அதற்குப் படிகத்தை உவமை காட்டும்: படிகத்தில் தோன்றும் நிறம் அருகிலுள்ள பொருளுடையதாதலின், படிகத்தை மட்டும் ஆராய்பவருக்கு அந்நிறத்தின் காரணம் புலப்படாது. கோப்புகளில் சொற்களைத் தேடித்தரும் குனு கிரெப் நிரலுக்கு நேர்ந்ததும் இதுவே. தேடிய சொல் எப்போதும் நிறத்தோடு தெரியவேண்டுமென விரும்பிய பயனர், 'கிரெப்_ஆப்ஷன்ஸ்' என்னும் மாறியில் அவ்வாறு எழுதி எக்ஸ்போர்ட் செய்தபோது, கட்டளைகளை எழுதிவைத்த கோப்புகளான ஸ்கிரிப்டுகளில் கிரெப்பின் விடையை வாங்கி ஒப்பிடுபவற்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத நிறக்குறியீடுகள் எழுத்துகளோடு கலந்து சென்றன; ஒரு வரியும் மாறாத ஸ்கிரிப்டு தவறான விடை தந்தது. 2014இல் வந்த 2.21ஆம் பதிப்பில் அம்மாறி கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டது.

நிறத்தை விரும்பியது குற்றமன்று. அவ்விருப்பத்தைப் பிறர்மேல் ஏற்றியதே குற்றம். அதையே 'அலியாஸ்' என்னும் மாற்றுப்பெயராகப் பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதியிருந்தால், பயனர் நேரில் தட்டச்சிடும் கட்டளைகளோடு அது நின்றிருக்கும். ஸ்கிரிப்டுகள் இயல்பாக அதைக் கருதுவதில்லை. கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளை வரிசைப்படுத்தும் 'பாத்' மாறியோ பகிரப்பட்டே தீரவேண்டியது. ஆகவே அதன் பழைய மதிப்பை அழிக்காமல், புதிய அடைவை இறுதியில் சேர்ப்பதே முறை. முன்னால் சேர்த்தால், அதே பெயருள்ள வேறு நிரல் இயங்கிவிடக்கூடும்.

ஸ்கிரிப்டை எழுதியவரே தமக்கு வேண்டிய மாறிகளைத் தொடக்கத்தில் வரையறுத்துக்கொள்ளலாமே எனின், அது நல்ல பழக்கமே. ஆயினும் அவர் முன்னறிந்தவற்றிலிருந்து மட்டுமே காத்துக்கொள்ள முடியும். இன்ன மாறியை இன்ன நோக்கத்தோடு வெளியிடுகிறோம் என அறிந்தவர் கையளிப்பவர் ஒருவரே. எனவே பொறுப்பின் பெரும்பங்கு அவருடையது. ஒரு கட்டளைக்கு மட்டும் வேண்டிய மாறியை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியதில்லை; அதே வரியில் அக்கட்டளைக்கு முன்னால் எழுதினாலே போதும்.