அருவருப்பு

புழல் ஏரிக்கரையில் எவனாவது மலங்கழித்தால் நமக்குக் கோபம் வருகிறது. சென்னை குடிக்கும் நீரல்லவா? ஆனால், அந்த மலமே மருந்தாகிறது என்றால்?

1958-ல் அமெரிக்காவில் ஐஸ்மன் என்ற மருத்துவர், குடலழற்சியால் சாகக் கிடந்த நால்வருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்துக் குடலில் செலுத்திப் பிழைக்க வைத்தார். அதிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் மருந்து. லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியிலும் பெருங்குடல் புண்ணுக்கு இதைச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். ஆபத்தும் உண்டு, சரியாகச் சோதிக்காத மலத்தால் 2019-ல் அமெரிக்காவில் ஒருவர் இறந்தார். ஆகவே மலத்தைக் கண்டு முகம் சுளிப்பதில் அறிவு இருக்கத்தான் செய்கிறது. அதை அள்ளிய மனிதனைக் கண்டு சுளித்தோமே, அதில் என்ன அறிவு?

மலம் தருபவருக்கு நோய் உண்டா என்றுதான் மருத்துவர் பார்க்கிறார், ஜாதியைக் கேட்பதில்லை. நம் நோயாளி கேட்கமாட்டார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.