கறை படிந்த பல்லும் கறை படிந்த நாவும்



உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள். வாய்த் தூய்மைக்கு மார்க்கம் தந்த மதிப்பு அவ்வளவு!

ஆனால் தருமபுரி மாவட்டத்தில், தவறாமல் பல் துலக்குவோர் பலரின் பற்களிலும் பழுப்புக் கறையைக் காண்கிறோம். இது துப்புரவுக் குறைவன்று. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரை, பல் உருவாகும் பிள்ளைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால் கறை பல்லிலேயே ஊறிவிடும். குச்சியோ பொடியோ அதைப் போக்காது. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது.

இதையறியாமல் நாம் செய்வதென்ன? பெண் பார்க்கப் போய், பல் கறையைக் காரணம் சொல்லி நிக்காஹை மறுக்கிறோம். பிள்ளைகள் கேலி செய்வதைக் கேட்டும் வாளாவிருக்கிறோம். புன்னகையும் ஸதகா என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தத் தர்மத்தைச் செய்யக் கூசி ஒரு பெண் முக்காட்டு நுனியால் வாயை மூடுகிறாள் என்றால், குற்றம் யாருடையது? பிறரைப் பரிகசிப்பதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறதே!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காவிரி நீர் வரும் வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் அதையே கொள்வோம். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத். மிஸ்வாக்கை விடாதிருப்போம், பல்லோடு நாவையும் தூய்மை செய்வோம்.

அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.