சார்ந்ததன் வண்ணம்

பகலில் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு, சனிக்கிழமை மாலை சைவ சித்தாந்த வகுப்பு. என் கணினியில் ஓடுவது டெபியன் லினக்ஸ். வாடிக்கையாளர்கள் ஆங்கில அழைப்பிதழை டைம்ஸ் நியூ ரோமனில்தான் அனுப்புவார்கள். அது சரியாகத் திறக்க ஒரு தொகுப்பை நிறுவ வேண்டும். அதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. இணையத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கிவைக்கும் சின்ன நிரல் மட்டும்தான். நிறுவும்போது சாம்பல் நிறப் பெட்டியில் உரிம ஒப்பந்தம் நீளமாக வந்து நிற்கும். டேப் விசையைத் தட்டி ஒப்புக்கொண்டால்தான் மேலே நகரும்.

அந்த நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கட்டற்ற மென்பொருள்தான். ஆனாலும் டெபியன் அதைக் கட்டற்றவற்றுக்கான ‘மெயின்’ பிரிவில் சேர்ப்பதில்லை, கட்டுள்ளவற்றுக்கான ‘நான்-ஃப்ரீ’யிலும் தள்ளுவதில்லை. ‘கான்ட்ரிப்’ என்று மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறது. தான் கட்டற்றதாக இருந்தும், கட்டுள்ள ஒன்றின் துணையில்லாமல் பயன்படாதவை அங்கே போகும். 1997இல் எழுதிய சமூக ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

இந்தப் பாகுபாடு எனக்குப் பழகியது. உயிர் பதியும் (இறைவன்) அல்ல, பாசமும் (கட்டு) அல்ல. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது அதன் இயல்பு என்கிறது சித்தாந்தம். படிகத்தின் அருகே செம்பருத்தியை வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரியும், அதற்காகப் படிகத்தை உடைக்க மாட்டோம். கான்ட்ரிப் அப்படிப்பட்ட உயிர்களின் வரிசை.

ஜாவாவில் எழுதிய நிரல்கள் பல ஒரு காலத்தில் அங்கேதான் கிடந்தன. சன் நிறுவனத்தின் ஜாவா அப்போது மூடிய மென்பொருள். கட்டற்ற நிரலே பொறியில் சிக்கிக்கொள்ளும் என்று 2004இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் எச்சரித்தார். குனூ கிளாஸ்பாத் குழுவினர் மாற்று நூலகத்தை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2006 நவம்பரில் சன் தானாகவே ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. (முயற்சி பாதி, அருள் பாதி என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள்.) அந்தக் கட்டற்ற ஜாவாவான ஓப்பன்ஜேடிகே மெயினுக்குள் வந்ததும், கான்ட்ரிப்பில் கிடந்த நிரல் தன்னில் ஒரு வரியும் மாறாமல் மெயினுக்குப் போக வழி திறந்தது. கட்டு அதன் இயல்பில் இருந்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. டெலிகிராமின் கணினி நிரல் டெபியனில் மெயினில் இருக்கிறது. நிரல் கட்டற்றது, உண்மைதான். அது பேசுகிற சர்வரின் நிரலை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. சர்வர் நின்றால் நிரல் சவம். என் வட்டில் இருக்கும் மூடிய எழுத்துருவைச் சார்ந்தால் கான்ட்ரிப், எங்கோ இருக்கும் மூடிய சர்வரைச் சார்ந்தால் மெயின்! பாசத்துக்குத் தூரம் ஏது?

“அப்படியானால் மின்னஞ்சல் நிரலையும் தூக்கு, நீ ஜிமெயில்தானே பார்க்கிறாய்?” என்றார் வகுப்புத் தோழர். ஜிமெயில் போனால் டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் இருக்கிறது, அதே மெயினில். நானே அச்சகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். சார்பு இருக்கிறதா என்று கேட்டால் எதுவும் தேறாது. அந்தச் சார்பை மாற்றிக்கொள்ள இன்றைக்கு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மின்னஞ்சலுக்கு இருக்கிறது. டெலிகிராமுக்கு ஈடான சர்வர் மெயினில் இல்லை. ஆகவே என் கணக்கில் அது கான்ட்ரிப்தான். நான் அதை நீக்கிவிடவில்லை. பெரிய பிடிஎஃப்களை வாடிக்கையாளர்கள் அதில்தான் அனுப்புகிறார்கள்.