பருமன் பாவமா?

இரயில் நிலையங்களில் முன்பு எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றன. வண்ண விளக்குகள் மின்னும்; காசு போட்டால் கடகடவென்று ஓசை எழும்; சிறு அட்டை ஒன்று வந்து விழும். அட்டையின் ஒரு பக்கத்தில் எடை. மறு பக்கத்தில் பலன்! இத்தனை கிலோ என்று விஞ்ஞானம் ஒருபுறம் சொல்லும். இன்ன குணம், இன்ன எதிர்காலம் என்று சோதிடம் மறுபுறம் சொல்லும். எடைக்கும் குணத்துக்கும் என்ன உறவு என்று கேட்டோர் சிலர். சிரித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டோர் பலர்.

அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அட்டையின் மறுபக்கம் மட்டும் மறையவில்லை. இன்று மனிதரே மனிதரின் உடலைப் பார்த்துப் பலன் படிக்கின்றனர். பருத்தவரைக் கண்டால், சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவர், மன உறுதி அற்றவர் என்று ஒரே மூச்சில் முடிவு கட்டுகின்றனர். மெலிந்தவரைக் கண்டால், வீட்டில் சோறில்லையா என்று கேலி பேசுகின்றனர். எடை எவ்வளவு என்பது அளவு. அவர் எப்படிப்பட்டவர் என்பது தீர்ப்பு. அளவைக் காட்டித் தீர்ப்பு வழங்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

பருமன் பாவமா? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா. மிகுந்த எடை நீரிழிவுக்கும், இரத்தக் கொதிப்புக்கும், இதய நோய்க்கும், மூட்டு வலிக்கும் வழி திறக்கிறது என்று மருத்துவம் கூறுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது பகுத்தறிவும் ஆகாது. ஆனால், நோய்க்குக் காரணம் என்பது வேறு. பாவம் என்பது வேறு. காரணம் என்று கண்டால் மாற்றும் வழி தேடுவோம். பாவம் என்று கண்டால் பழி சுமத்த ஆள் தேடுவோம். நம் சமுதாயம் இன்று எதைத் தேடுகிறது?

பட்டினி கிடந்தவனைப் பார்த்து, முன்வினை என்றனர் முன்னோர். அம்மை கண்டவளைப் பார்த்து, அம்மன் சினம் என்றனர். வயலில் விளைந்தது எங்கே போயிற்று, ஊருணி ஏன் நாறுகிறது என்று கேட்க வேண்டிய வாயை, வினை என்ற ஒரு சொல் அடைத்தது. இன்று வினை என்ற சொல் சற்றே ஓய்ந்திருக்கிறது. அதன் ஆசனத்தில் மன உறுதி என்ற சொல் அமர்ந்திருக்கிறது. பருத்தவன் ஏன் பருத்தான்? மன உறுதி இல்லை! கேள்வி முடிந்தது; சிந்தனையும் முடிந்தது. சொல் புதிது, சூழ்ச்சி பழையது.

நோயின் வேர் ஆளிடம் இல்லாமல் ஆலையில் இருந்த கதை ஒன்று உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஜாவாவில், பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் சிறைக் கைதிகளையும் வாட்டியது. கால் மரத்து, இதயம் தளர்ந்து மாண்டனர். கிருமியைத் தேடி வந்தார் கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் மருத்துவர். கிருமி கிடைக்கவில்லை, ஆனால் ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே போன்ற நோய் கண்டது. பிறகு திடீரென்று கோழிகள் குணமாயின. காரணம் என்ன? மருத்துவமனையின் தீட்டிய அரிசிச் சோறு அதுவரை கோழிகளுக்குப் போடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், படைக்குரிய அரிசியைக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தவிடு நீங்காத அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன! 1890களில் நடந்த இந்த ஆராய்ச்சியே, பின்னாளில் வைட்டமின் என்ற அறிவுக்குப் படியாயிற்று. 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாண்டவரிடம் குற்றமில்லை, அவர் தட்டில் விழுந்த அரிசியில் குறை இருந்தது. அந்த அரிசியைத் தீட்டியது அவரும் அல்லர்.

இனி, நம் தட்டைப் பார்ப்போம். கம்பும், சோளமும், கேழ்வரகும், வரகும், சாமையும் புன்செய்க் காட்டு மக்களின் அன்றாட உணவு. நெல்லுச்சோறு அவர்களுக்குப் பண்டிகைச் சோறு. கூழ் குடிப்பவன் தாழ்ந்தவன், வெள்ளைச் சோறு உண்பவன் உயர்ந்தவன் என்று தானியத்துக்கும் சாதி கற்பித்தனர். மானம் தேடிய மக்கள் வெள்ளைச் சோற்றைத் தேடியதில் வியப்பென்ன? இன்று அதே கம்பும் கேழ்வரகும் கண்ணாடி அங்காடிகளில் சிறுதானியம் என்ற பட்டம் சூட்டிக்கொண்டு, உழுதவன் வாங்க இயலாத விலைக்கு விற்கின்றன! ஏழை உண்டபோது இழிவு. செல்வர் உண்டபோது நல்வாழ்வு!

அரிசியைத் தூற்றுவது நம் நோக்கமன்று. பசி என்னும் பெரும்பகையை இந்த மண் எளிதில் வெல்லவில்லை. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை தாங்கிய 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தொடங்கினர். 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று, 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளையைப் பார்த்து, உன் வினை என்று சொல்லாமல், உன் தட்டு எங்கே என்று கேட்ட வரலாறு இது. அந்தக் கேள்வியை இன்று பருத்த உடலைப் பார்த்தும் நாம் கேட்க வேண்டும்.

ஏனெனில், நிலைமை மாறியிருக்கிறது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர். ஆண்களில் 37 விழுக்காட்டினர். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்! வயிறு நிறைகிறது; இரத்தம் நிறையவில்லை. எடை கூடுகிறது; வலிமை கூடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே தலைமுறையில் மன உறுதி குன்றிவிட்டதா? பாட்டன் காலத்தில் விளைந்த மன உறுதி பேரன் காலத்தில் பொய்த்துவிட்டதா?

அன்று. மாறியது விலை, மாறியது வேலை. அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவு. பருப்பும் முட்டையும் மீனும் காயும் கனியும் அருமை. இரவுக் காவலுக்கு நிற்பவன் 12 மணி நேரத்தைத் தேநீராலும் பன்னாலும் கடக்கிறான். தையல் ஆலைப் பெண், நாற்காலியை விட்டு எழ அனுமதி கேட்கிறாள். வீடு திரும்பினால் நடக்க நடைபாதை இல்லை. பிள்ளைகள் ஓட மைதானம் இல்லை. தெருமுனை தோறும் எண்ணெய்ச் சட்டி மட்டும் கொதிக்கிறது. மலிவான உணவையும் அசையாத வேலையையும் கொடுத்துவிட்டு, ஏன் பருத்தாய் என்று கேட்பது, கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, ஏன் நீந்தவில்லை என்று கேட்பது போன்றதன்றோ?

உடலுக்கும் ஓர் இயல்பு உண்டு. வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரை ஸ்டங்கார்ட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். வளர்த்த வீடு வேறாயினும், ஒரு கருவில் உதித்த இரட்டையரின் உடற்பருமன் பெரிதும் ஒத்திருந்தது. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களுக்கு ஆறு திங்கள் அரைப்பட்டினி அளித்துப் பார்த்தனர். அறிவும் உறுதியும் வாய்ந்த அந்த இளைஞர்கள், சோற்றைத் தவிர வேறு நினைவற்றவர் ஆயினர். சமையல் நூல்களைப் படித்துக் காலம் கழித்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டனர். பட்டினி முடிந்தபின், பலர் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகக் கொழுப்பேறினர். பட்டினி போடப்பட்ட உடல் பஞ்சம் வந்ததென்று அஞ்சி, கிடைத்ததைச் சேமிக்கிறது. இது உடலின் தற்காப்பு. ஒழுக்கக் கேடு அன்று.

இந்த உண்மையை மறைத்தே புதிய பூசாரிகள் பிழைக்கின்றனர். ஏழு நாளில் ஏழு கிலோ குறையும் என்று ஒரு பொடி. கொழுப்பைக் கரைக்கும் என்று ஒரு தேநீர். நச்சை நீக்கும் என்று ஒரு சாறு! தாயத்து கட்டியும் காய்ச்சல் தீராவிட்டால், உன் பக்தியில் பழுது என்பான் மந்திரவாதி. பொடி தின்றும் எடை குறையாவிட்டால், உன் உறுதியில் பழுது என்கிறான் வியாபாரி. இருவரும் பொருளைத் திருப்பித் தருவதில்லை. பழியை மட்டும் திருப்பி விடுகின்றனர்.

பழைய பூசாரிகளும் ஓயவில்லை. உணவைச் சாத்விகம், இராஜசம், தாமசம் என்று மூன்றாக வகுத்து, உண்பவனின் குணத்தோடு முடிச்சுப் போடுகிறது கீதை. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் திட்டத்தை அம்மாநில முதலமைச்சரே மறுத்தார். குழந்தையின் எலும்பு கேட்டது புரதம். பெரியவர்கள் கொடுத்தது புனிதம்!

எல்லாப் பழியிலும் பெரும்பங்கு பெண்ணுக்கு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாரிட்டேனியாவில், பருத்த பெண்ணே அழகி என்று கருதி, சிறுமியருக்கு வலிந்து பாலும் கூழும் ஊட்டும் வழக்கம் இருந்து வருகிறது. பாரிசிலோ, மெலிந்த பெண்ணே அழகி என்று கருதிப் பட்டினி போட்டனர். மருத்துவச் சான்று இல்லாத விளம்பர அழகியரை வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2017-இல் அரசே விதி செய்ய நேர்ந்தது. அங்கே திணிப்பு, இங்கே மறுப்பு. இரண்டிலும் பெண்ணின் பசி பெண்ணுக்குச் சொந்தமில்லை. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? எல்லோரும் உண்டபின் அடிச்சட்டியில் மிஞ்சியதை உண்பவள் தாய். கணவன் ஆயுளுக்கு நோன்பிருப்பவள் மனைவி. பெண் பார்க்க வந்தவர், கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனபின், கதவைச் சாத்திக்கொண்டு உணவைத் துறப்பவள் மகள். மூன்று தலைமுறையும் தட்டின் முன் தலைகுனிந்தே அமர்கிறது.

எடைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறதே என்பர். இருக்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1832-இல் வகுத்தவர் பெல்ஜியத்தின் கெத்தலே, வானியலும் புள்ளியியலும் வல்லவர், மருத்துவர் அல்லர். சராசரி மனிதனைத் தேடியவர் அவர். தனி மனிதனுக்குத் தீர்ப்பெழுத முனைந்தவர் அல்லர். மிகை எடைக்கு 25 என்று பொதுவில் வகுத்த உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவே, 2004-இல், ஆசிய மக்களுக்கு 23 முதலே எச்சரிக்கை தேவை என்றது. அளவுகோல் உதவும், ஆயின், மக்களுக்கேற்ப மாறும் அளவுகோலை மனுநீதி ஆக்கலாகாது.

இங்கே இளைஞர்களிடம் ஒரு சொல். தொந்தி என்பது ஒரு காலத்தில் சுரண்டலின் சின்னம். ஊரார் உழைக்க, உண்டு கொழுத்தவன் வயிற்றைக் கேலிச்சித்திரக்காரர் வரைந்தபோது அதில் பொருள் இருந்தது. இன்று செல்வர் பணம் கொடுத்து உடற்பயிற்சிக் கூடத்தில் இளைக்கின்றனர். கூலிக்காரர் மலிவுச் சோற்றால் பருக்கின்றனர். சின்னம் இடம் மாறிவிட்டது. ஆகவே, மேடையேறி எதிராளியின் உடலைப் பரிகசிக்கும் பேச்சாளர், அவரை மட்டும் அடிக்கவில்லை. எதிரே தரையில் அமர்ந்து கேட்கும் தொழிலாளியையும் அடிக்கிறார். கருத்தை மறுக்க முடியாதவனே உருவத்தை மறுப்பான். பிறப்பால் இழிவு கூடாது என்போர், உருவத்தால் இழிவு பேசலாமா?

அப்படியானால், கிடைத்ததையெல்லாம் உண்ணலாமா, தனி மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பு உண்டு. ஆனால், பொறுப்பு வேறு, வெட்கம் வேறு. பொறுப்பு என்பது என்னால் ஆவதை நான் செய்வது. வெட்கம் என்பது என்னால் ஆகாததற்கும் நான் தலைகுனிவது. வெட்கம் எவரையும் இளைக்கச் செய்ததில்லை. மருத்துவரிடம் செல்லும் காலைத்தான் கட்டிப்போடுகிறது. வள்ளுவர் மருந்து என்று அதிகாரம் வகுத்து, பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசினார். முன் உண்டது செரித்ததா என்று பார், அளவறிந்து உண் என்றார். அந்த அதிகாரத்தில் அறிவுரை இருக்கிறது, ஏளனம் இல்லை.

அளவறிவதற்கு முதலில் அறிவும், தேர்வதற்கு முதலில் தேர்வும் வேண்டும். ஆற்றல் எந்த அளவோ, பொறுப்பும் அந்த அளவே. ஆகையால், வீட்டில் தொடங்குவோம்: சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுவோம், தாயையும் தங்கையையும் நம்மோடு அமர்த்தி, ஒரே வேளையில், ஒரே பங்கு உண்ணச் செய்வோம். தெருவில் தொடர்வோம்: நடைபாதையும் மைதானமும் கேட்போம். அரசிடம் சேர்ப்போம்: 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடையில் கேழ்வரகு வந்ததுபோல், பருப்பும் சிறுதானியமும் எல்லா ஊர்க் கடைக்கும் மிகுதியாக வரவேண்டும் என்று கேட்போம். ஆலையில் ஓய்வு நேரம் கேட்போம். போலிப் பொடி விற்போரிடம் சான்று கேட்போம்.

பசி பாவமன்று என்று நிலைநாட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தது. பருமனும் பாவமன்று என்று உணர இன்னொரு நூற்றாண்டு வேண்டுமா? உடலைப் பேணுவோம், அது நமது ஒரே கருவி என்பதால். அதை ஒருபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றோம். அடுத்த முறை ஒரு தோழரைக் கண்டதும், பருத்துவிட்டாயே என்று சொல்ல நா எழுமானால், அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, நலமா என்று கேட்போம்.