திருத்தியது யார், பதில் சொல்வது யார்?

நெமிலிச்சேரியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் மாணவர் கேட்ட ஐயமும் அதற்கு அவர் சொன்ன விடையும்.

சீடன்: ஐயா, ஆய்வேட்டின் இரண்டு இயல்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் திருத்தினேன். கருத்து என்னுடையது, நடை மட்டும் அதனுடையது. இது குற்றமா?

குரு: உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறவர். வெட்டுவது மிஷின். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது யார்?

சீடன்: அப்பாதான். மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

குரு: ஆய்வேட்டுக்கும் அதுதான் முறை. சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராக ஏற்பதில்லை என்று ‘நேச்சர்’ இதழ் 2023 ஜனவரியில் அறிவித்ததும் இதனால்தான். எழுதியதற்குப் பொறுப்பேற்க அவற்றால் முடியாது.

சீடன்: செயற்கை நுண்ணறிவு பிறர் எழுத்தைக் கேட்காமல் எடுத்துப் பழகியது, மின்சாரத்தையும் தண்ணீரையும் விழுங்குகிறது என்கிறார்களே?

குரு: அதைச் செய்தவர்களையும் அரசையும் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. உன் ஐயத்துக்கு வா.

சீடன்: பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஒருவரிடம் திருத்தி வாங்கினால் யாரும் குறை சொல்வதில்லை. மிஷின் செய்தால் மட்டும் ஏன் பாவம்?

குரு: உதவி பெறுவது ஒருநாளும் பாவம் ஆனதில்லை, தம்பி. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். அதைத் தன் சரித்திரத்தில் எழுதியும் வைத்தார். கேட்டதால் அவர் பதிப்பின் மதிப்புக் கூடியது. ஆனால் நல்ல திருத்துநர் ஐயம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி வைப்பார்: ‘இதைத்தான் சொல்ல வருகிறீர்களா?’ மிஷின் பெரும்பாலும் கேட்பதில்லை, வழவழவென்று இழைத்துக் கொடுத்துவிடும். உன் நான்காம் இயலைப் பார். ‘ஏரி சுருங்கியதற்கும் கிணற்று நீர் உவர்த்ததற்கும் தொடர்பு இருக்கலாம்’ என்று நீ எழுதியிருந்தாய். திரும்பி வந்தது என்ன? ‘ஏரி சுருங்கியதால் கிணற்று நீர் உவர்த்தது.’ நீ அளந்தது ஒரே கோடையில், சில கிணறுகளை மட்டும். நடையைத் திருத்துகிறேன் என்று நுழைந்தது முடிவையே திருத்திவிட்டது. படிக்க அழகாக இருந்ததால் நீயும் விட்டுவிட்டாய். பளபளப்பைப் பார்த்து அளவெடுக்காமல் ஜாபை அனுப்பிவிட்டாய்.

இதைப் பிடிக்கக் கருவி இருக்கிறதே என்பார்கள். 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. அந்த ஒப்புமைச் சோதனை பார்ப்பது முன்பே வெளிவந்த எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை. உன் ‘இருக்கலாம்’ காணாமல் போனது அதற்குத் தெரியாது. மிஷின் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளோ இன்னும் மோசம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் சோதித்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் மிஷின் எழுதியவை என்றே அவை சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கருவியையே அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. 2024-இல் ஹரியானாவில் ஒரு சட்ட மாணவர், மிஷினைக் கொண்டு எழுதினார் என்ற குற்றச்சாட்டை எதிர்த்துப் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. பிழையான மைக்ரோமீட்டரை நம்பி நல்ல ஜாபையும் கழிக்கலாம், கெட்டதையும் தேற்றலாம். ஆகவே உன் எழுத்தை நீதான் அளக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு வரியில் விரல் வைத்து ‘ஏன்?’ என்று கேட்டால், பதில் உன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சீடன்: அப்படியானால் முன்னுரையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமா, ஐயா?

குரு: போதாது, அது பாதிதான். எந்தக் கருவியால், எந்த இயல்களைத் திருத்தினாய் என்று எழுது. பிறகு பழைய படியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படி. மாற்றத்துக்கு உன்னால் காரணம் சொல்ல முடிந்த வரி உன்னுடையது. முடியாததை அடித்துவிட்டு உன் பழைய வரியையே வை. நடை கொஞ்சம் நொண்டினாலும் பரவாயில்லை.