மீனுக்கு ஒரு மொழி

தொடக்கநூலின் இரண்டாம் இயலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடும் பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். கால்நடைகள் அவன்முன் கொண்டுவரப்பட்டன. வானத்துப் பறவைகள் வந்தன. காட்டு விலங்குகளும் வந்தன. ஒவ்வொன்றும் அவன் வாயால் ஒரு பெயர் பெற்றது. மீன்களைப் பற்றி மட்டும் அங்கே பேச்சில்லை. முதல் இயலில் கடல் உயிர்களைத் திரளாகப் படைத்து அவற்றுக்கு ஆசியும் வழங்கிய இறைவன், பெயரிடும் வேளையில் அவற்றை மனிதனிடம் கொண்டுவந்ததாக நூல் கூறவில்லை. நீரை விட்டு மீன் எப்படி வரும் என்று எளிதாக விடை கூறி நகர்ந்துவிடலாம். எனினும் அந்த விடுபடல் நம்மைச் சற்றே நிறுத்துகிறது. மனிதனின் சொல்லுக்குள் முழுதும் அகப்படாத உயிர்களும் உண்டு என்று அது நமக்குச் சொல்வதாகத் தோன்றுகிறது.

இன்று அத்தகைய உயிர்களுக்கு வீடியோ விளையாட்டுகளை உருவாக்குவோர் மொழி இயற்றித் தருகின்றனர். கற்பனையான கணவாய்க்கும் டால்பினுக்கும் ஒலியும் எழுத்தும் பாட்டும் அமைப்பதற்கென்றே ஆட்கள் பணியாற்றுகின்றனர். உலகில் இல்லாத உயிர் பேசுவதற்கு யாருமே பேசாத மொழி ஒன்றா, இது வேலையற்றோர் வேலை அன்றோ என்று நம்மில் பலர் வினவுவோம். வினா நியாயமானதே. ஆயினும் விடை அவ்வளவு எளிதன்று.

இல்லாத மொழியை இயற்றுவது கணினிக் காலத்தில் முளைத்த ஆசையுமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ரைன் ஆற்றங்கரையில் துறவு மடத்துத் தலைவியாக வாழ்ந்த பிங்கன் நகரத்துப் புனித ஹில்டெகார்ட் ‘அறியப்படாத மொழி’ ஒன்றை ஆக்கினார். இருபத்து மூன்று புதிய எழுத்துகளும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெயர்ச்சொற்களும் அதில் உண்டு. அச்சொற்பட்டியல் கடவுளில் தொடங்கி, வானதூதர், மனிதர் எனப் படிப்படியாக இறங்கிப் பூச்சிகள் வரை செல்கிறது. எதற்காக அவர் இதை ஆக்கினார் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். நம் காலத்துக்கு நெருங்கிய மற்றொருவர், ஆக்ஸ்போர்டு பேராசிரியரும் கத்தோலிக்கருமான டோல்கீன். 1931-இல் ஆற்றிய ஓர் உரையில், தம் மொழிபடைக்கும் ஆசையை ‘இரகசியத் தீப்பழக்கம்’ எனச் சிரிப்போடு குறிப்பிட்டார். ஆனால் அந்தப் பழக்கத்தின் அடியில் வேறொரு காதல் இருந்தது. பின்லாந்து மொழியின் ஒலியழகிலும் வேல்ஸ் மொழியின் இனிமையிலும் அவர் மனம் பறிகொடுத்திருந்தார். தம் கற்பனை மாந்தருக்கு அவர் ஈந்த மொழிகளில் அவ்விரண்டின் சாயலும் உண்டு. உண்மையான மொழி ஒன்றை நேசியாதவன் பொய்யான மொழியைக்கூட நன்றாக ஆக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். 1992-இல் வெளிவந்த ‘எக்கோ’ என்னும் டால்பின் விளையாட்டில், டால்பின் தன் இனத்தாரோடு ஒலியலைகளால் உறவாடுகிறது. திரையிலோ அதன் பேச்சு எளிய மனித வாக்கியங்களாகத் தோன்றுகிறது. 2001-இல் வந்த ‘பைனல் பேன்டசி’ வரிசையின் பத்தாம் விளையாட்டில், கடலுக்குள் மூழ்கிப் பழம்பொருள் மீட்கும் அல் பெட் என்னும் இனத்தாருக்குத் தனிமொழி உண்டு. ஆனால் அது ஓர் எழுத்துக்குப் பதில் மற்றோர் எழுத்தை வைத்த சங்கேதமே. ஆட்டத்தினிடையே ஒவ்வொரு எழுத்தாகச் சேகரித்து முடித்தால் திரை விலகி, உள்ளே நம் பேச்சே நிற்கும்.

2015-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ப்ளட்டூன்’ வேறு வழியில் சென்றது. கடல்மட்டம் உயர்ந்து மனித குலம் அழிந்து பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் ஆனபின், கடல் உயிர்கள் கரையேறி நகரம் கட்டி வாழும் உலகம் அது. கணவாய்க் குழந்தைகள் பேசும்போது நீர் கொப்பளிப்பது போன்ற ஒலியே கேட்கிறது. கடைப்பலகைகளிலுள்ள எழுத்துகள் எதையோ சொல்வன போல் தோன்றும். ஆனால் வாசிக்க இயலா. பாடல்களின் அசைகளுக்கும் பொருளில்லை. இருந்தும், 2016-இல் இவ்விளையாட்டின் பாடகியர் இருவர் ஜப்பானில் ஒளியுருவங்களாக மேடையேறியபோது கூட்டம் ஆரவாரித்தது. பொருளற்ற அந்த அசைகளை எழுதிவைத்து மனப்பாடம் செய்து பாடுகின்ற இரசிகர்கள் பலர்.

நாம் இதைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. அறுவடை செய்வோர் முதலில் சொற்களால் பாடத் தொடங்கி, மகிழ்ச்சி பொங்கியபின் சொல்லை விட்டு வெறும் ஒலியில் களிப்பர் எனப் புனித அகுஸ்தின் திருப்பாடல் விளக்கத்தில் எழுதினார். வலை இழுப்போரின் ‘ஐலசா’வுக்கு அகராதியில் பொருள் தேடுவோர் யார்? ஆயினும் களிப்பொலி மட்டும் மொழியாகிவிடாது. மொழி உடையவர் கேள்வி கேட்பார், மறுப்பார், வாக்களிப்பார், வாக்குத் தவறியதற்காக மன்னிப்பு வேண்டுவார். அந்தக் கணவாய்க் குழந்தை தன் கொப்பளிப்பால் இவற்றில் ஒன்றையும் நம்மிடம் செய்ய இயலாது. சங்கேத மொழியிலோ அது நம் எண்ணங்களையே திருப்பிச் சொல்லும். முதலாவதில் அதன் மொழி நமக்கு ஓர் இசை, இரண்டாவதில் ஒரு கண்ணாடி. நாம் எதிர்பாராத ஒன்றை நம்மிடம் சொல்லும் உரிமை இரண்டிலும் அதற்கு இல்லை.

அந்த உரிமையை அளிக்க விரும்பும் படைப்பாளி உடலிலிருந்து தொடங்க வேண்டும். ப, ம என்னும் ஒலிகளுக்கு உதடுகள் வேண்டும். கணவாய்க்கு அவை ஏது? காற்றைவிட நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் விரைந்து, நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. அங்கே ‘அருகில்’, ‘தொலைவில்’ என்னும் சொற்கள் நம்முடையவை போல் இருக்குமா? ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ‘டக் டக்’ என்னும் ஒலிகளைத் தாளமாக அடுக்கி உறவாடுகின்றன. குலத்துக்குக் குலம் அத்தாளம் வேறுபடுவதையும், அதன் விரைவும் இடைவெளியும் ஒழுங்குடன் மாறுவதையும் அறிஞர்கள் கண்டுள்ளனர். அது மொழிதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஓட்டுக்கணவாயின் கதை இதைவிட வியப்பானது. அதன் தோலில் எண்ணற்ற நிறப்பைகள் உள்ளன. தசைகள் அவற்றை இழுத்து விரிக்க, நொடிப்பொழுதில் உடலின் கோலம் மாறுகிறது. ஆஸ்திரேலியக் கடலில் வாழும் ஒருவகை ஆண் கணவாய், ஒரு பக்கத்துத் தோலில் பெண்ணை நாடும் கோலத்தையும், மறுபக்கத்தில் போட்டியாளனை ஏமாற்றப் பெண்ணின் கோலத்தையும் ஒரே வேளையில் காட்டுவதை 2012-இல் ஆய்வாளர்கள் எழுதினர். இரட்டை நாக்கு என்று நாம் பழிப்பது ஒரே நாக்கு உள்ளவரின் அறம். ஒரே நொடியில் இருவரிடம் இருவேறு சொல் சொல்லும் உடலைப் பெற்ற உயிர் சிந்திக்கவும் பேசவும் தொடங்கினால், ‘பொய்’ என்பதற்கு அதனிடம் என்ன சொல் இருக்கும்? ‘ஆம்’ என்பது ‘ஆம்’ ஆகவே இருக்கட்டும் என்னும் கட்டளையை அதற்கு எப்படி மொழிபெயர்ப்போம்? விளையாட்டுக்கு மொழி இயற்றுபவர் இந்த இடம்வரை வந்துவிட்டால், அவர் கையிலிருப்பது பொழுதுபோக்கு அன்று என்றே சொல்வோம்.

பிறர் பேச்சை வெறும் ஒலியாகக் கேட்பது மனிதருக்குள்ளும் பழைய வழக்கமே. கிரேக்கர் தம் மொழி அறியாதாரின் பேச்சைப் ‘பர் பர்’ என்று கேட்டு, அவர்களைப் பார்பரர் என்றனர். அந்தச் சொல்லே பின்னர் காட்டுமிராண்டிகளைக் குறிக்கலாயிற்று. அந்தமான் தீவுகளின் கடல்சார் பழங்குடியினரையும் வெளியுலகம் நெடுங்காலம் அப்படியே எண்ணியது. மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவர்களோடு அமர்ந்து கேட்டபோதோ, உடலையே இலக்கணமாக்கிய மொழியைக் கண்டார். பெரிய அந்தமானியர் மனித உடலைப் பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முன்னொட்டு வைத்திருந்தனர். பெயர், வினை, அடைமொழி ஆகிய அனைத்திலும் அந்த உடல் ஊடுருவி நின்றது. கற்பனைக் கணவாய்க்கு மொழி தேடுவோர் எட்ட விரும்பும் புதுமை, வங்கக் கடலில் மனித நாவுகளிலேயே நெடுங்காலம் வாழ்ந்திருந்தது.

அக்குடும்பத்து மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’, 2010 ஜனவரியில் மறைந்தது. அதைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் என்னும் மூதாட்டி. ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில் அவர் இறந்தபோது அதைப் பேச வேறு எவரும் இல்லை. விளையாட்டு மொழிகள் ‘போ’வைக் கொன்றன என்று கூறுவது அநீதி, குடியேற்றமும் நோயும் ஆட்சியும் அதைச் செய்தன. ஆனால் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யும் அளவுக்கு அந்நிய ஒலியின்மீது ஆசை கொண்ட ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. அந்த ஆசை தன்னளவில் நல்லது. ‘போ’வுக்கு வேண்டியிருந்ததும் அதே ஆசைதான். மூதாட்டிக்கோ அண்டை அயலாரோடு பேச இந்தியே மிஞ்சியது. தம் மொழியில் பேச ஆளில்லாத நாள்களில் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று அப்பி எழுதியிருக்கிறார். முன்னோரே பறவைகளாகி வந்துள்ளனர் என்பது அவருடைய நம்பிக்கை.