சோம்பலா, நோயா?

களைத்தவனைக் கண்டால் "சோம்பேறி" என்று உடனே தீர்ப்பளிப்பது உலக வழக்கம். எம்மைப் போன்ற தோட்டத்துக் கிராணிகளின் செக்ரோலில் வந்தவன், வராதவன், டாக்டர் சீட்டுப் பெற்றவன் ஆகியோர்க்கு இடமுண்டு; சீட்டில் அகப்படாத களைப்புக்கு இடமில்லை. இது நியாயமா?

1901-இல் கிள்ளானிலும், அவ்வாண்டு திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் மலேரியா சூறையாடிற்று. அந்நோய் இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிப்பது; காய்ச்சல் தணிந்தும் சோகையும் சோர்வும் தங்கிவிடும். அரசாங்க டாக்டர் மால்கம் வாட்சன் ஊக்கமுடைமையைப் பற்றி உபதேசிக்கவில்லை. காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடிக்கச் செய்தார். காய்ச்சல் குறைந்தது.

நோய் உயிரணுவையே முதுமையாக்கக்கூடும் என்கிறது இன்றைய விஞ்ஞானம். அணுவினுள் குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் உறைக்கு டெலோமியர் என்று பெயர். வயது ஏற ஏற அது தேயும். நாட்பட்ட மலேரியாவுள்ள பறவைகளில், வெளிக்குறி ஒன்றும் தோன்றாமலே அவ்வுறை விரைந்து தேய்ந்து ஆயுள் குறைவதைச் சுவீடன் ஆய்வாளர் 2015-இல் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனம், நெடுநாட் களைப்பு நோய் மனமயக்கமன்று, கடிய உடல்நோயே என்று அறிவித்தது. சிறிது உழைத்தாலும் அந்நோய் மிகும்.

பொய்க் களைப்பும் உண்டே என்பீர். உண்டு. பொய்யனை நம்பினால் ஒருநாட் கூலி நட்டம். நோயாளியை ஐயுற்றால் ஓர் ஆயுளே நட்டம். எந்த நட்டத்தை ஏற்பது அறம்?